பலபடி நுண்வில்லைகளை வழவழப்பாக்கல்

பலபடி நுண்வில்லைகளை வழவழப்பாக்கல் என்பது, பலபடி அல்லது பாலிமர் எனப்படும் நெகிழிப் பொருள்களால் ஆன மிகச் சிறிய வில்லைகளின் மேற்பரப்பில், உற்பத்தியின்போது தோன்றும் நுண்ணிய சொரசொரப்பை நீக்கும் செய்முறைகளைக் குறிக்கும். பெரிய கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து மெருகிடுவது போல் இவற்றை மெருகிட இயலாது. ஆகையால் பலபடியை வெப்பத்தால் இளகச் செய்து, அதன் பரப்பு இழுவிசையே மேற்பரப்பைச் சமப்படுத்துமாறு விடுவது இத்துறையின் முதன்மையான வழியாக உள்ளது. சொரசொரப்பை அழிக்கும் அதே விசை வில்லையின் வளைவையும் அழிக்க முற்படும் என்பதே இதில் உள்ள இடர். வடிவத்தை விட்டுக்கொடுக்காமல் வழவழப்பை மட்டும் பெறுவது எப்படி என்பதே இச்செய்முறைகள் அனைத்தும் எதிர்கொள்ளும் கேள்வியாகும்.

நுண்வில்லைகள்

ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டம் கொண்ட வில்லைகள் பொதுவாக நுண்வில்லைகள் எனப்படுகின்றன. இவை தனித்தனியாகப் பயன்படுவது குறைவு. பெரும்பாலும் ஒரே தகட்டின் மீது ஆயிரக்கணக்கிலோ கோடிக்கணக்கிலோ வரிசையாக அமைக்கப்படுகின்றன. செல்லிடத் தொலைபேசிகளின் ஒளிப்படக் கருவியில் உள்ள உணரிச் சில்லில், ஒவ்வொரு படப்புள்ளியின் மேலும் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் அகலமுள்ள ஒரு வில்லை உண்டு. படப்புள்ளியின் ஒளி உணரும் பகுதிக்கு வெளியே விழுந்து வீணாகக்கூடிய ஒளியை அது உள்ளே திருப்பிவிடுகிறது. 1983ஆம் ஆண்டில் ஜப்பானின் என்இசி நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பிசினால் ஆன இத்தகைய வில்லை வரிசையை உணரிச் சில்லின் மீதே அமைத்துக் காட்டினர்.

ஒளியிழைகளில் ஒளியைச் செலுத்துவதற்கும், உடலுள்நோக்கிகளின் முனையிலும், வானியலிலும் கண் மருத்துவத்திலும் ஒளியலையின் சிதைவை அளக்கும் சாக்-ஹார்ட்மன் உணரியிலும் நுண்வில்லைகள் பயன்படுகின்றன. பலபடிகள் எடை குறைந்தவை. குறைந்த வெப்பநிலையில் இளகுபவை. அச்சில் வார்க்க ஏற்றவை. அதனால்தான் கண்ணாடியை விட இவை விரும்பப்படுகின்றன.

சொரசொரப்பும் வடிவப் பிழையும்

வில்லையின் மேற்பரப்பு இருக்கவேண்டிய நிலையிலிருந்து விலகுவதை இருவகையாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். வில்லையின் மொத்த வளைவே தவறாக அமைவது வடிவப் பிழை. வளைவு சரியாக இருந்தும் அதன் மீது சிறு மேடுபள்ளங்கள் பரவியிருப்பது சொரசொரப்பு. வடிவப் பிழை ஒளியைத் தவறான இடத்தில் குவிக்கிறது. சொரசொரப்போ ஒளியின் ஒரு பகுதியைக் குவியவே விடாமல் நாற்புறமும் சிதறடிக்கிறது. சிதறிய ஒளி படத்தின் மீது மெல்லிய மூட்டம் போல் படிந்து, கருமையான பகுதிகளை வெளிறச் செய்கிறது.

சிதறலின் அளவைக் கணக்கிட எளிய விதி ஒன்று உண்டு. மேடுபள்ளங்களின் சராசரி உயரம் ஒளியின் அலைநீளத்தை விட மிகச் சிறியதாக இருக்கும்வரை, சிதறி வீணாகும் ஒளியின் பங்கு அவ்வுயரத்தின் இருமடியைப் பொறுத்து வளர்கிறது. சொரசொரப்பு இரு மடங்கானால் இழப்பு நான்கு மடங்காகும். ஒளிவிலகல் எண் 1.5 கொண்ட ஒரு பலபடிப் பரப்பின் வழியே 550 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளி செல்வதாகக் கொள்வோம். 2 நானோமீட்டர் சொரசொரப்பில் சிதறும் பங்கு 0.013 விழுக்காடு மட்டுமே. 10 நானோமீட்டரில் அது 0.33 விழுக்காடாகிறது. 50 நானோமீட்டரில் 8 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்பதை நினைவிற்கொண்டால், இங்கு கோரப்படும் வழவழப்பின் தன்மை விளங்கும்.

ஆடிகளோடு ஒப்பிட்டால் வில்லைகளின் நிலை சற்று மேலானது. எதிரொளிக்கும் பரப்பில் ஒரு மேட்டின் உயரத்தை ஒளி போகும்போதும் வரும்போதும் இருமுறை கடக்கிறது. வில்லையிலோ பலபடிக்கும் காற்றுக்கும் உள்ள ஒளிவிலகல் எண் வேறுபாடான 0.5 மட்டுமே கணக்கில் சேரும். ஆகவே ஒரே அளவு சொரசொரப்புக்கு, ஆடியில் ஏற்படும் சிதறல் வில்லையில் ஏற்படுவதைப் போல் 16 மடங்கு.

எல்லா மேடுபள்ளங்களும் கேடு விளைவிப்பவை அல்ல. அடுத்தடுத்த மேடுகளுக்கு இடையிலான தொலைவு ஒளியின் அலைநீளத்தை விடக் குறைவாக இருந்தால், ஒளியால் அவற்றைத் தனித்தனியே அறிய இயலாது. அந்துப்பூச்சியின் கண்ணில் இத்தகைய நுண்மேடுகள் நெருக்கமாக நின்று ஒளி எதிரொளிப்பைக் குறைக்கின்றன. இதைப் பார்த்து எதிரொளிப்பில்லாப் பரப்புகளும் செய்யப்படுகின்றன. ஆகவே உண்மையில் நீக்கப்பட வேண்டியவை, அரை மைக்ரோமீட்டர் முதல் சில மைக்ரோமீட்டர் வரை இடைவெளி கொண்ட மேடுபள்ளங்களே.

வடிவத்திற்கு எவ்வளவு விலக்கம் பொறுக்கத்தக்கது என்பதற்கு ரேலி பிரபுவின் பெயரால் வழங்கும் அளவுகோல் பயன்படுகிறது. ஒளியலை முகப்பு தன் சரியான நிலையிலிருந்து அலைநீளத்தின் கால் பங்குக்கு மேல் விலகலாகாது என்பது அது. பச்சை ஒளிக்கு இது 137 நானோமீட்டர். ஒளிவிலகல் எண் 1.5 எனில், மேற்பரப்பின் உயரத்தில் ஏறத்தாழ 0.27 மைக்ரோமீட்டர் பிழை வரை இடமுண்டு. 10 மைக்ரோமீட்டர் உயரமுள்ள ஒரு நுண்வில்லையில் இது 3 விழுக்காட்டிற்கும் குறைவு. வழவழப்பாக்கும் எந்த முறையும் இந்த வரம்புக்குள் நிற்க வேண்டும்.

சொரசொரப்பின் தோற்றுவாய்கள்

உருகிய பலபடியை அழுத்தத்துடன் அச்சினுள் செலுத்தி வார்க்கும் முறையில், அச்சின் பரப்பில் உள்ள ஒவ்வொரு கீறலும் வில்லைக்கு வந்துசேரும். பலபடிகள் அச்சை எவ்வளவு துல்லியமாக நகலெடுக்கும் என்பதற்குக் குறுந்தகடு நல்ல சான்று. அதில் தரவைக் குறிக்கும் குழிகள் ஏறத்தாழ 0.1 மைக்ரோமீட்டர் ஆழமும் அரை மைக்ரோமீட்டர் அகலமும் கொண்டவை. இருந்தும் பாலிகார்பனேட்டில் அவை வார்ப்பினாலேயே பதிக்கப்படுகின்றன. இசைத்தட்டுக்கு வரமான இப்பண்பு வில்லைக்கு இடர்ப்பாடாகிறது.

அச்சுகள் பெரும்பாலும் வைரமுனை கொண்ட கடைசல் பொறியால் செதுக்கப்படுகின்றன. வைரம் எஃகை நேரடியாகச் செதுக்குவதில்லை. அதன் கார்பன் இரும்பினுள் கரைந்து முனை விரைவில் தேய்ந்துவிடும். அதனால் எஃகின் மீது நிக்கல்-பாஸ்பரஸ் பூச்சு ஏற்றி, அப்பூச்சிலேயே வடிவம் செதுக்கப்படும். செதுக்குமுனை ஒவ்வொரு சுற்றிலும் சிறிது நகர்வதால் அச்சில் வளைய வளையமாக நுண்வரிகள் எஞ்சும். அவற்றின் உயரம், ஒரு சுற்றுக்கு முனை நகரும் தொலைவின் இருமடியை, முனையின் ஆரத்தைப் போல் எட்டு மடங்கால் வகுத்த ஈவாகும். அரை மில்லிமீட்டர் ஆரமுள்ள முனை சுற்றுக்கு 5 மைக்ரோமீட்டர் நகர்ந்தால் வரியின் உயரம் 6 நானோமீட்டரை ஒட்டியிருக்கும். இது சிறியதே ஆனாலும் வரிகள் ஒழுங்கான இடைவெளியில் இருப்பதால் கீற்றணி போல் செயல்பட்டு, ஒளியை வானவில் நிறங்களாகப் பிரிக்கக்கூடும். ஒழுங்கற்ற சொரசொரப்பை விட ஒழுங்கான வரிகள் சில வேளைகளில் கூடுதல் தொல்லை தருவது இதனால்தான்.

சீரொளிக் கற்றையைக் கொண்டு திரவப் பிசினுக்குள் புள்ளி புள்ளியாக வடிவத்தை எழுதும் இருபோட்டான் பலபடியாக்கல் முறை, எந்த வளைவையும் உருவாக்க வல்லது. இரு போட்டான்கள் ஒரே சமயத்தில் உட்கவரப்படும் மிகச் சிறிய குவிய இடத்தில் மட்டுமே பிசின் இறுகும். 2001ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் இம்முறையால் 10 மைக்ரோமீட்டர் நீளமுள்ள காளை உருவம் ஒன்றைச் செய்து காட்டியது பரவலாகப் பேசப்பட்டது. ஆயினும் வடிவம் அடுக்கடுக்காக எழுதப்படுவதால் வில்லையின் சரிவில் படிக்கட்டு போன்ற விளிம்புகள் நின்றுவிடும். அடுக்குகளை மெல்லியதாக்கினால் படிகள் சிறுக்கும். ஆனால் எழுத எடுக்கும் நேரம் அதே அளவில் பெருகும். மின்னணுக் கற்றையால் வெவ்வேறு அளவு கதிர்வீச்சைக் கொடுத்துச் செதுக்கும் முறையிலும் இதே படிக்கட்டுத் தோற்றம் உண்டு.

தேய்த்து மெருகிடுவதில் உள்ள தடை

கண்ணாடி வில்லையை மெருகிடும் கருவி வில்லையோடு ஒத்த அளவுடையது. இரண்டும் பல திசைகளில் ஒன்றன்மேல் ஒன்று நகர்வதால் கோளப் பரப்பு தானாக உருவாகும். 50 மைக்ரோமீட்டர் வில்லைக்கு அத்தகைய கருவியைச் செய்வதே கடினம். செய்தாலும் ஒரே தகட்டில் உள்ள இலட்சக்கணக்கான வில்லைகளை ஒவ்வொன்றாகத் தேய்க்க முடியாது. முழுத் தகட்டையும் ஒரே பட்டையால் தேய்த்தால் வில்லைகளின் உச்சி மட்டும் தேய்ந்து தட்டையாகும். மேலும் பலபடி மென்மையானது. மெருகுத்தூளின் துகள்கள் அதில் புதையும், கீறும்.

பரப்பு இழுவிசையால் சமப்படல்

திரவத்தின் மேற்பரப்பு தன் பரப்பளவை இயன்றவரை குறைத்துக்கொள்ள முயலும். மேடும் பள்ளமுமான பரப்பு, சமமான பரப்பை விடக் கூடுதல் பரப்பளவு கொண்டது. ஆகவே திரவத்தில் அவை தாமாக மறையும். இராபர்ட் ஊக் 1665இல் வெளியிட்ட மைக்ரோகிராஃபியா நூலின் முன்னுரையில், கண்ணாடியை மெல்லிய இழையாக இழுத்து, அதன் நுனியைச் சுடரில் காட்டிச் சிறு உருண்டையாக்கி, அதிலிருந்து நுண்ணோக்கி வில்லை செய்யும் வழியை விளக்குகிறார். உருண்டையின் வழவழப்பு பரப்பு இழுவிசையால் வந்ததே. அக்ரிலிக் பலகையை அறுத்தபின் விளிம்பைச் சுடரால் தடவிப் பளபளப்பாக்கும் பெயர்ப்பலகைப் பட்டறைகளிலும் இதே இயற்பியல்தான் வேலை செய்கிறது.

நுண்வில்லையின் அளவில் புவியீர்ப்பு ஒரு பொருட்டே அல்ல. பலபடி உருகலில் ஈர்ப்பும் பரப்பு இழுவிசையும் சமவலிமை பெறும் நீளம் ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர். அதை விட மிகச் சிறிய உருகிய துளி, தகட்டைக் கவிழ்த்து வைத்தாலும் அதே கோளக் குமிழாகவே நிற்கும்.

சமப்படுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் செய்முறையின் உயிர்நாடி. ஆழமான பாகுத் திரவத்தின் மேலுள்ள சிறு நெளிவுகளுக்கான தொடர்பு எளிமையானது. நெளிவின் வீச்சு மூன்றில் ஒரு பங்கைச் சற்றே விஞ்சிய அளவுக்குக் குறைய ஆகும் நேரத்தை அதன் தணிவு நேரம் என்போம். பாகுநிலையை நெளிவின் இடைவெளியால் பெருக்கி, அதைப் பரப்பு இழுவிசையின் பை மடங்கால் வகுத்தால் இந்நேரம் கிடைக்கும். இவ்வாறான கணக்குகள் சுவர்ப் பூச்சில் தூரிகைத் தடம் மறைவதை ஆராயவும் பயன்படுகின்றன. நெளிவு எவ்வளவு குறுகியதோ அவ்வளவு விரைவில் மறையும் என்பதே இதிலிருந்து பெறப்படும் முதன்மையான செய்தி. குறுகிய சொரசொரப்பு முதலில் போகும், அகன்ற வளைவு பின்னரே குலையும். இந்த இடைவேளைதான் தொழில்நுட்பத்திற்குக் கிடைக்கும் வாய்ப்பு.

எண்களைக் கொண்டு பார்ப்போம். பலபடி உருகலின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.03 நியூட்டன் எனக் கொள்ளலாம். பலபடிகள் திடீரென உருகுவதில்லை. கண்ணாடிநிலை மாறு வெப்பநிலை எனப்படும் ஒரு வெப்பநிலையைக் கடந்ததும் படிப்படியாக இளகுகின்றன. அக்ரிலிக்குக்கு இது ஏறத்தாழ 105 பாகை செல்சியஸ். அந்த வெப்பநிலையில் பாகுநிலை ஒரு இலட்சம் கோடி பாஸ்கல்-நொடி எனக் கொண்டால், 0.1 மைக்ரோமீட்டர் இடைவெளி கொண்ட நெளிவின் தணிவு நேரம் 12 நாட்கள். வெப்பநிலையைச் சில பத்து பாகை உயர்த்திப் பாகுநிலையைப் பத்து இலட்சம் பாஸ்கல்-நொடியாகக் குறைத்தால், அதே நெளிவின் தணிவு நேரம் ஒரே நொடியாகச் சுருங்குகிறது.

இப்போது இடரைக் காணலாம். தடித்த அக்ரிலிக் பலகையின் மீது 100 மைக்ரோமீட்டர் இடைவெளியில் அச்சிடப்பட்ட, 10 மைக்ரோமீட்டர் உயரமுள்ள வில்லை வரிசை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பில் 5 மைக்ரோமீட்டர் அகலப் படிகள் உள்ளன. மேற்கூறிய பாகுநிலையில் படிகளின் தணிவு நேரம் 53 நொடி. அவற்றை இருபதில் ஒரு பங்காகக் குறைக்க மும்மடங்கு, அதாவது ஏறத்தாழ 160 நொடி வேண்டும். வில்லை வரிசையின் தணிவு நேரம் 1,060 நொடி. ஆனால் அந்த 160 நொடிக்குள்ளேயே அதன் உயரம் 14 விழுக்காடு, அதாவது 1.4 மைக்ரோமீட்டர் தாழ்ந்துவிடும். முன்னர் கண்ட 0.27 மைக்ரோமீட்டர் வரம்பைப் போல் இது ஐந்து மடங்கு. பாகுநிலையைக் கூட்டியோ குறைத்தோ இதிலிருந்து தப்ப முடியாது. இரு நேரங்களும் ஒரே விகிதத்தில் கூடும் அல்லது குறையும். கணக்கு எளிமைப்படுத்தப்பட்டதே எனினும், முழு வில்லையையும் இளக்கினால் வழவழப்புக்கு வடிவத்தை விலையாகக் கொடுக்க நேரும் என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது.

உருக்கி வில்லையாக்கும் முறை

இவ்விடரைத் தாண்ட ஒரு வழி, பரப்பு இழுவிசை எந்த வடிவத்தை நோக்கிச் செல்கிறதோ அதையே வில்லையின் வடிவமாக ஏற்றுக்கொள்வதாகும். 1988ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தார் இம்முறையை விரிவாக வெளியிட்டனர். 1990இல் பிரித்தானியாவின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தாரும் இதுபற்றி எழுதினர். இன்றும் நுண்வில்லை வரிசைகளைச் செய்யப் பரவலாகக் கையாளப்படுவது இதுவே.

இதில் ஒளியுணர் பிசின் ஒன்று தகட்டின் மீது சுழற்சியால் சீராகப் பூசப்படுகிறது. மறைப்பு ஒன்றின் வழியே புறஊதாக் கதிரைப் பாய்ச்சிக் கழுவினால் வட்ட வடிவத் தூண்கள் எஞ்சும். பின்னர் தகட்டை 150 பாகை செல்சியஸ் அளவில் சூடேற்றினால் தூண்கள் இளகிக் குமிழாகும். அடிவட்டம் தகட்டோடு ஒட்டி நகராமல் நிற்பதாலும் பிசினின் கனஅளவு ஏறத்தாழ மாறாததாலும் வில்லையின் வடிவத்தை முன்கூட்டியே கணக்கிட்டு விடலாம். தாழ்ந்த வில்லைகளில் குமிழின் உயரம் தூணின் உயரத்தைப் போல் சுமார் இரு மடங்கு. எடுத்துக்காட்டாக, 100 மைக்ரோமீட்டர் விட்டமும் 5 மைக்ரோமீட்டர் உயரமும் கொண்ட தூண், 9.9 மைக்ரோமீட்டர் உயரக் குமிழாகும். அதன் வளைவு ஆரம் 132 மைக்ரோமீட்டர். பிசினின் ஒளிவிலகல் எண் 1.6 எனில் குவியத் தொலைவு ஏறத்தாழ 220 மைக்ரோமீட்டர். பரப்பு உருகிய நிலையில் உருவானதால் சொரசொரப்பு சில நானோமீட்டருக்குள் அடங்கிவிடும். தனியே மெருகிட வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. தூண் மிகத் தட்டையாக இருந்தால் பிசின் நடுப்பகுதிக்குத் திரளாமல், விளிம்பில் வளையமாகப் புடைத்து நடுவில் தட்டையாகவே நின்றுவிடும். ஆகவே நீண்ட குவியத் தொலைவு கொண்ட வில்லைகளை இம்முறையில் செய்வது கடினம். அருகருகே உள்ள இரு குமிழ்கள் தொட்டுக்கொண்டால் ஒன்றாகிவிடும்; அதனால் வில்லைகளுக்கு இடையே சிறு வெளி விட்டாக வேண்டும். அவ்வெளியில் விழும் ஒளி வீண். பிசினில் எஞ்சியுள்ள ஒளியுணர் சேர்மம் சூட்டில் சிதைந்து நைட்ரஜன் வளியை வெளிவிட்டுக் குமிழிகளை உண்டாக்கலாம். சூடு மிகுந்தால் பிசினின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, இளகும் முன்னரே இறுகிவிடலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, கிடைப்பது கோளப் பரப்பு மட்டுமே. கோளமல்லாத வளைவு தேவைப்படும் இடங்களில் இம்முறை உதவாது.

மேற்புறத்தை மட்டும் இளக்கும் முறை

கோளமல்லாத வில்லைகளைப் பொறுத்தவரை, உள்ளே உள்ள பகுதி திண்மமாக இருக்க, மேலுள்ள மெல்லிய படலம் மட்டும் இளகினால் சிக்கல் தீரும். வெறுமனே மேற்புறத்தைச் சூடேற்றுவது போதாது. இவ்வளவு சிறிய பொருளில் வெப்பம் நொடியின் மிகச் சிறு பங்கிலேயே உள்ளே பரவிவிடும். சுவிட்சர்லாந்தின் பால் செர்ரர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த குழுவினர் 2017இல் வெளியிட்ட முறை வேறொரு வழியில் செல்கிறது. வெப்பநிலையை எங்கும் ஒன்றாகவே வைத்துக்கொண்டு, மேற்படலத்தின் இளகும் தன்மையை மட்டும் அவர்கள் மாற்றினர்.

பலபடியின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். சங்கிலி குறுகினால் கண்ணாடிநிலை மாறு வெப்பநிலை இறங்கும், பாகுநிலையும் வெகுவாகக் குறையும். 172 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதாக் கதிரின் ஒவ்வொரு போட்டானும் 7.2 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் கொண்டது. கார்பன்-கார்பன் பிணைப்பை அறுக்க இதில் பாதியே போதும். செனான் வளி நிரப்பிய விளக்குகள் இக்கதிரைத் தருகின்றன. அக்ரிலிக் இக்கதிரை மிக வலுவாக உட்கவர்வதால் கதிர் மேற்பரப்பிற்கு அடியில் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான ஆழத்திலேயே தீர்ந்துவிடுகிறது. அந்த ஆழத்தில் உள்ள சங்கிலிகள் மட்டும் துண்டாகின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனும் இக்கதிரை உட்கவரும் என்பதால் விளக்கிற்கும் வில்லைக்கும் இடையில் உள்ள வெளியைக் கவனிக்க வேண்டியுள்ளது.

இதன்பின் முழுத் தகட்டையும், மேற்படலம் இளகி உட்பகுதி இளகாத ஒரு வெப்பநிலையில் வைக்கின்றனர். பயன் இரண்டு. உட்பகுதி திண்மமாக இருப்பதால் வடிவம் தாங்கப்படுகிறது என்பது வெளிப்படை. மற்றொன்று கணக்கில் மறைந்திருக்கிறது. திண்மத் தளத்தின் மீதுள்ள மெல்லிய திரவப் படலத்தில், படலத்தின் தடிப்பை விட மிக அகன்ற நெளிவின் தணிவு நேரம், நெளிவின் இடைவெளியைப் பொறுத்து நேர்விகிதத்தில் அல்லாமல் அதன் நான்காம் அடுக்கில் வளர்கிறது. முன்னைய எடுத்துக்காட்டையே மீண்டும் எடுத்து, 0.3 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள படலம் மட்டும் அதே பாகுநிலைக்கு இளகியதாகக் கொண்டால், 5 மைக்ரோமீட்டர் படிகளின் தணிவு நேரம் சுமார் 25 நிமிடம். 100 மைக்ரோமீட்டர் வில்லை வரிசையின் தணிவு நேரமோ 7 ஆண்டுகளுக்கும் மேல். படிகளை இருபதில் ஒரு பங்காக்கும் 75 நிமிடங்களில் வில்லையின் வடிவம் அளவிடத்தக்க வகையில் மாறாது. முழுதும் இளக்கியபோது 1க்கு 20 ஆக இருந்த நேர விகிதம், இப்போது 1க்கு 1,60,000 ஆகிவிடுகிறது. படிகளின் உயரம் இளகிய படலத்தின் தடிப்பை விடக் குறைவாக இருக்கவேண்டும் என்பது இதன் கட்டுப்பாடு; பெரிய படிகளை இம்முறை வளைக்குமே தவிர முற்றிலும் அழிக்காது.

இருபோட்டான் முறையில் எழுதப்பட்ட வில்லைகளை நேரடியாக இவ்வாறு இளக்க முடியாது என்பது கவனிக்கத்தக்கது. அப்பிசினின் சங்கிலிகள் வலையாகப் பிணைந்தவை. சூடேற்றினால் இளகாமல் கருகும். ஆகவே அவ்வடிவம் முதலில் அக்ரிலிக்கில் நகலெடுக்கப்பட்டு, நகலே வழவழப்பாக்கப்படுகிறது. பின்னர் அந்நகலிலிருந்து அச்சு எடுத்தால், அவ்வச்சில் வார்க்கப்படும் எல்லா வில்லைகளும் வழவழப்பாக வரும். குறுந்தகட்டைப் பற்றிச் சொல்லப்பட்ட துல்லியமான நகலெடுப்பு இங்கு நன்மையாக அமைகிறது.

இதே நிறுவனத்தில் இதற்கு முன்னரே, மின்னணுக் கற்றை பட்ட இடத்தில் சங்கிலிகள் குறுகுவதைப் பயன்படுத்தி, படிக்கட்டு வடிவங்களைச் சரிவுகளாக மாற்றும் முறையும் உருவாக்கப்பட்டிருந்தது. அதில் கற்றை படாத இடங்களின் கூரிய விளிம்புகள் சிதையாமல் நிற்கும்.

பிற வழிகள்

பலபடியைக் கரைக்கும் நீர்மத்தின் ஆவியில் வில்லையைச் சிறிது நேரம் வைத்தால், ஆவியை உறிஞ்சிய மேற்புறம் இளகிச் சமப்படும். முப்பரிமாண அச்சுப் பொருள்களை அசிட்டோன் ஆவியால் பளபளப்பாக்குவதும் இவ்வகையே. கருவிச் செலவு குறைவு எனினும், ஆவி எவ்வளவு ஆழம் ஊடுருவும் என்பதைக் கட்டுப்படுத்துவது கடினம். உறிஞ்சப்பட்ட நீர்மம் வெளியேறும்போது வில்லை சுருங்கவும் வெடிப்பு விடவும் கூடும். துல்லியம் வேண்டும் ஒளியியலில் இதை நம்பியிருப்பது அறிவுடைமை ஆகாது.

அச்சிடப்பட்ட வில்லையின் மேல் அதே பிசினை மெல்லியதாகப் பூசி இறுகச் செய்வதும் உண்டு. திரவப் பூச்சு படிகளின் உள்மூலைகளை நிரப்பிவிடும். ஒளிவிலகல் எண் ஒன்றாக இருப்பதால் பழைய சொரசொரப்பு பூச்சுக்குள் கண்ணுக்குப் புலப்படாமல் மறைந்துவிடுகிறது. ஆனால் பூச்சு வில்லையின் அடிவிளிம்பில் தேங்கி அங்கு வளைவை மாற்றும். வடிவமைக்கும்போதே அதற்கு ஈடு செய்ய வேண்டும்.

அளவிடல்

வழவழப்பு எட்டப்பட்டதா என அறிவதும் எளிதன்று. அணுவிசை நுண்ணோக்கி, கூரிய ஊசிமுனையால் பரப்பைத் தடவி நானோமீட்டருக்கும் குறைவான உயர வேறுபாட்டைக் காட்டும். ஆனால் அது ஒரு நேரத்தில் சிறு பரப்பையே, அதுவும் மெதுவாகவே அளக்கும். வெள்ளொளிக் குறுக்கீட்டுமானி விரைவானது. இருப்பினும் வில்லையின் செங்குத்தான ஓரங்களில் பட்டு எதிரொளிக்கும் ஒளி கருவியின் பொருளருகு வில்லைக்குள் திரும்பி வராததால் அங்கு அளவு கிடைக்காது. சொரசொரப்பு மிகுதியாக இருக்கக்கூடிய இடமும் பெரும்பாலும் அந்த ஓரமே.

அளந்த பின்னும் ஒரு முடிவு எஞ்சுகிறது. கிடைத்த வரைவிலிருந்து வில்லையின் வளைவைக் கழித்தால்தான் சொரசொரப்பு தெரியும். எந்த இடைவெளிக்கு மேற்பட்ட நெளிவை வடிவம் எனவும், எதற்குக் கீழ்ப்பட்டதைச் சொரசொரப்பு எனவும் கொள்வது என்பது அளப்பவரின் தேர்வு. ஒரே வில்லையை இருவேறு வெட்டு எல்லைகளில் பகுத்தால் இருவேறு எண்கள் கிடைக்கும். நுண்வில்லை வரிசைகளுக்கான சொற்களையும் சோதனை முறைகளையும் ஐஎஸ்ஓ 14880 என்னும் பன்னாட்டுச் சீர்தரம் வரையறுக்கிறது. சொரசொரப்பு இத்தனை நானோமீட்டர் என்று எங்கேனும் குறிப்பிடப்பட்டால், அது எவ்வளவு பரப்பில், எந்த வெட்டு எல்லையில் அளக்கப்பட்டது என்பதும் உடன் தரப்பட்டால்தான் இரு முறைகளை ஒப்பிட முடியும்.